ஒன்பது வாரக் கையெழுத்து

அறிவிப்பை உரக்கப் படிக்கும் வேலை மூத்தவள் தலையில் விழுந்தது. கடன் குழுவுக்குத் தலைவி என்றால் சம்பளம் கிடையாது, இந்த மாதிரி வேலைகள்தான் கிடைக்கும். பாயில் உட்கார்ந்திருந்த ஒன்பது பெண்களுக்கு முன்னால் எழுந்து நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்துவிட்டுப் படித்தாள். தையல் மெஷினுக்குக் கடன் வாங்கி, எட்டு வாரமோ அதற்கு மேலோ தவணை கட்டத் தவறியவர்களுக்கு, மீதிக் கடன் முழுவதையும் அரசாங்கம் தள்ளுபடி செய்கிறதாம்.

ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. அந்தக் குழுவில் இதுவரை ஒரு வாரம்கூட யாரும் தவறியதாகப் புத்தகத்தில் இல்லை.

"அப்ப ஒழுங்காக் கட்டினவங்களுக்கு?" என்று கேட்டாள் காஜாக்காரி. சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டுக் கொடுப்பவள். வாயும் அவள் கத்தி மாதிரியே இருக்கும்.

"கடைசி வரியைப் படிங்கம்மா," என்றார் வாராவாரம் தவணை வாங்க வரும் வசூல்காரர்.

கடைசி வரியில், ஒழுங்காகக் கட்டி வருபவர்களுக்கு நன்றி என்று போட்டிருந்தது. காஜாக்காரி, "அதைக் கொண்டுபோய்ப் பால்காரர்கிட்ட குடுத்தா ஒரு லிட்டர் ஊத்துவாரா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண், சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஓரகத்தியிடம் போய் நின்றது. இளையவள் தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்த பத்துப் பேரில் இந்த இரண்டு பேருக்குத்தான் விஷயம் தெரியும்.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் மூத்தவள், தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் இளையவள். இருந்த ஒரு வீட்டை நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கி, ஆளுக்குப் பாதியில் குடித்தனம். இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி மெஷின் வாங்கினார்கள். நூறு வாரக் கடன். மருத்துவமனைகளுக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பார்கள். சுவர் மெல்லியது என்பதால் இளையவளின் மெஷின் ஓடுவது மூத்தவளுக்குப் பக்கத்தில் ஓடுவதுபோல் கேட்கும். அது ஓடுகிறவரை இவள் எழுந்திருக்க மாட்டாள். அது நின்ற பிறகு இன்னும் இரண்டு உறை தைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அந்தக் கடைசி இரண்டு உறையில் அவளுக்கு ஒரு தனிச் சுகம்.

பொறாமைக்கு என்ன காரணம் என்று கேட்டால் அவளால் ஒன்றைச் சொல்ல முடியாது. இளையவள் மத்தியானத்தில் படுத்தால் உடனே தூங்கிவிடுவாள். துணி கொடுக்கும் காண்ட்ராக்டர் அவள் தையலைத் தடவிப் பார்த்து, "கை பேசுதும்மா" என்பார். மூத்தவளின் தையலை எண்ணிப் பார்ப்பதோடு சரி. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிரிப்பு. காசில்லாத வாரத்தில்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் எதையோ சொல்லிச் சிரிப்பார்கள். கடன் வாங்கியவள் எப்படிச் சிரிக்கலாம் என்று மூத்தவளுக்கு வயிறு பற்றி எரியும்.

போன வருஷம் அந்தச் சிரிப்பு நின்றது. பெயின்ட் அடிக்கும் வேலை செய்துவந்த கொழுந்தன் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். இளையவள் மருத்துவமனையே கதியென்று கிடந்தாள். ஒன்பது வாரம் அந்தப் பக்கத்து மெஷின் மூச்சு விடவில்லை.

குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. புதன்கிழமை பத்து மணிக்குப் பத்துப் பேரின் தவணையும் நிறைந்தால்தான் யாரும் பாயை விட்டு எழுந்திருக்கலாம். ஒருத்தி குறைந்தால் மற்றவர்கள் போட்டு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் குறைந்தவள் பேரை உரக்கப் படிப்பார்கள். பேர் படிக்கப்பட்ட குழுவுக்கு அடுத்த முறை கடன் பாதிதான். முதல் புதன்கிழமை, வசூல்காரர் இளையவள் பேரைப் படிக்க வாயெடுத்ததும் மூத்தவளுக்குத் தன் குடும்ப மானமே போனதுபோல் ஆகிவிட்டது. "இருங்க சார், அவ என்கிட்ட குடுத்தனுப்பியிருக்கா," என்று சொல்லித் தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். புத்தகத்தில் இளையவள் கட்டத்தில் அவளைப் போலவே கோணலாகக் கையெழுத்தும் போட்டாள். அடுத்த வாரமும் அதே பொய். ஒன்பது வாரத்தில் கை நன்றாகப் பழகிவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு கடன் கட்டினேன் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மூத்தவள் பல்லைப் பிடுங்கிவிட்டே கட்டினாள். கடைவாய்ப் பல்லை அடைக்கக் கேட்ட தொகை இரண்டு தவணை, பிடுங்கக் கேட்டது அதில் கால்வாசி. பிடுங்கச் சொன்னாள். அன்றிலிருந்து மனசுக்கு ஆகாத எதைக் கண்டாலும் நாக்கு தானாக அந்த ஓட்டைக்குப் போய்விடும்.

இரக்கப்பட்டுச் செய்தாளா என்றால், கொஞ்சம் இரக்கமும் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு இளையவள் நடந்துகொண்ட விதம்தான் அவளுக்கு ருசித்துவிட்டது. முன்னெல்லாம் இவள் ஒன்று சொன்னால் அவள் ஒன்று சொல்வாள். இப்போது எதற்கும் "சரிக்கா" தான். தண்ணீர் வந்தால் முதல் குடம் அக்காவுக்கு. காண்ட்ராக்டர் வந்தால் நல்ல துணிக்கட்டு அக்காவுக்கு. ஒன்பது வாரத் தொகையை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை, மூத்தவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்கிவிட்டால் அந்த "சரிக்கா" போய்விடுமே.

இப்போது இந்த அறிவிப்பு வந்து நிற்கிறது. உண்மையைப் பார்த்தால் இளையவள் ஒன்பது வாரம் தவறியவள். அவளுக்குப் பாக்கியிருக்கும் நாற்பது வாரமும் போய்விடும். மூத்தவளுக்கும் அதே நாற்பது வாரம் பாக்கி, அதில் ஒரு நாள்கூடக் குறையாது.

கூட்டம் கலைந்ததும் இளையவள் வாசலில் நின்றாள்.

"அக்கா, அந்த ஒன்பது வாரம்... அடுத்த புதன் சரிபாக்க ஒரு மேடம் வராங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"புத்தகத்துல அப்படி இல்லையேம்மா."

"நீங்கதானே போட்டீங்க?"

"போட்டேன். இன்னொருத்தர் கையெழுத்தைப் போட்டேன்னு சொன்னா என்னைத் தலைவியா வச்சிருப்பாங்களா? ஓவர்லாக் மெஷினுக்கு எழுதிப் போட்டிருக்கேனே, அந்தக் கடன் வருமா? யோசிச்சுத்தான் கேக்கறியா?"

அது பொய்யில்லை. துணியோரம் அடிக்கும் அந்த ஓவர்லாக் மெஷினின் படத்தைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது மட்டுமே காரணமும் இல்லை. இளையவள், "சரிக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை மாதம் தேனாக இருந்த சொல் அன்றைக்குக் கசந்தது.

சாயந்திரம் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் மணியடிப்பவர். எதையும் நேரம் பார்த்துத்தான் பேசுவார். டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு நாப்பது வாரம் அப்படியே போயிடும். எனக்கு?"

"உனக்குப் புருஷன் கால் உடையலையே."

"எனக்குப் பல்லு போச்சே!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார். "நமக்குத் துணி வர்ற மில்லு இருக்குல்ல, அதுக்குப் போன வருஷம் எவ்வளவு தள்ளுபடி பண்ணாங்க, ஞாபகம் இருக்கா? நாந்தான் பேப்பர்ல படிச்சுக் காட்டினேன். அந்தப் பணத்துக்கு நம்ம தெருவையே வாங்கிடலாம். நீ அப்படியான்னு சொல்லிட்டுப் பாபின்ல நூல் சுத்திக்கிட்டிருந்த. அன்னிக்கு நல்லாத் தூங்குன."

மில்காரர் மேல் ஏன் எரியவில்லை என்று மூத்தவள் யோசித்துப் பார்த்தாள். மில்காரர் வீட்டுச் சுவர் இவள் வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். அவர் தூங்குவதும் சிரிப்பதும் இவளுக்குக் கேட்காது.

"அவர் வாங்கினா நியாயம், இவ வாங்கினா அநியாயமா?" என்றார் புருஷன்.

"ரெண்டும்தான் அநியாயம். விழுந்தவளைத் தூக்கி விடட்டும், வேண்டாங்கல. நடக்கறவளுக்கும் கால் வலிக்குமே, அதை யாராவது ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா?"

"கேக்கணும்தான்," என்று ஒப்புக்கொண்டு டம்ளரைக் கழுவப் போனார்.

அந்த வாரம் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்று நின்று ஓடியது. காண்ட்ராக்டர் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. மருத்துவமனை அவருக்குத் தரவில்லையாம், மருத்துவமனைக்கு வேறு யாரோ தரவில்லையாம். மேலே இருப்பவர்கள் யாரும் ஒரு பாயில் உட்கார்ந்து தொகை நிறையும்வரை எழுந்திருக்காமல் இருப்பதில்லை. கொழுந்தன் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடந்தான்.

புதன்கிழமை காலையில் அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் கேட்டது. யாரோ மெஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். மிதியை மிதித்துப் பார்த்தார்கள். பழைய சாமான் வாங்குகிறவன் குரல் என்று மூத்தவளுக்குப் புரிந்தது. கையிலிருந்த உறையை வைத்துவிட்டுச் சுவரில் காதை ஒட்டினாள்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பதற்கில்லை. போகட்டும், இனிமேல் அந்தச் சத்தத்தோடு போட்டி போட வேண்டாம் என்று ஒரு நொடி மனசு குளிர்ந்தது. அப்புறம் அவன் விலை சொன்னான். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இளையவள் பேரம் பேசுவாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். பேரமே இல்லை.

"சரிங்க," என்றாள் இளையவள்.

மூத்தவளுக்கு வந்த கோபத்தில் சுவரை ஓங்கித் தட்டிவிட்டாள். "என்ன சரி? அந்த மெஷின் இந்த விலைக்காப் போகும்? என்னுதும் அதே மெஷின்தான்டி! யோவ், நீ வேற கடையைப் பாரு!"

"சாயந்திரம் வரேம்மா, நீங்க உங்களுக்குள்ள பேசி முடிச்சு வைங்க," என்று அந்த ஆள் இறங்கிப் போவது கேட்டது. மூத்தவள் உட்கார்ந்து தைக்கப் பார்த்தாள். கால் மிதிக்கவே இல்லை. அறுபது வாரமாக அந்தப் பக்கத்துச் சத்தம்தான் இவள் காலை ஓட்டிக்கொண்டிருந்தது. சாயந்திரத்துக்கு மேல் அது இருக்காது. பொறாமைப்படக்கூட ஆள் இல்லாத ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நாற்பது வாரம் எப்படித் தைப்பது என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பத்து மணிக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். சரிபார்க்க வந்த மேடம் வயதில் சின்னவள், ஆனால் எழுத்தெழுத்தாக எல்லாவற்றையும் பார்த்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூத்தவள் பக்கம் திருப்பினாள்.

"நல்ல குழும்மா. ஒரு வாரம்கூட யாரும் தவறலை. தள்ளுபடிக்கு யாரும் இல்லைன்னு கையெழுத்துப் போடுங்க."

மூத்தவள் பேனாவை வாங்கினாள். இளையவள் அவளைப் பார்க்கவில்லை. அன்றைய தவணையைச் சில்லறையாக மடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூத்தவளின் நாக்கு கடைவாய் ஓட்டைக்குப் போய்த் துழாவியது.

"மேடம், புத்தகத்துல தப்பு இருக்கு," என்றாள். குரல் அவளுக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. "இந்த ஒன்பது கையெழுத்தும் என்னுது. பணமும் என்னுது. அவ ஒன்பது வாரம் கட்டலை."

காஜாக்காரி, "எனக்கு அப்பவே தெரியும்!" என்று தொடையைத் தட்டினாள். அவளுக்குத் தெரியவே தெரியாது.

மேடம் பேனா முனையை ஒவ்வொரு கையெழுத்தின் மேலும் வைத்துப் பார்த்தாள். "இதைச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமாம்மா?"

"தெரியும். தலைவி வேலையும் போகும், ஓவர்லாக்கும் போகும்."

"அந்த ஒன்பது வாரத்தை உங்க கடன்ல கழிச்சுக்கவும் முடியாது. அதுக்கு விதி இல்லை."

"நடக்கறவளுக்குன்னு எந்த விதிதான் இருக்கு?" என்றாள் மூத்தவள். மேடம் ஒரு படிவத்தை எடுத்தாள். "காரணம் எழுதணும். வற்புறுத்தலா, கவனக்குறைவா, வேறயா?"

"வேற."

"என்ன வேற? சொந்தம்ங்கறதாலயா?"

மூத்தவள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பாயில் இருந்த அத்தனை பேரும் அவளை மகராசி என்று கொண்டாடியிருப்பார்கள். ஆனால் அந்த அடுக்கிய சில்லறையைப் பார்த்த பிறகு அவளுக்கு இன்னொரு பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"பொறாமைன்னு எழுதுங்க மேடம். இவ எனக்குக் கீழ இருக்கணும்னு ஆசை. இப்பவும் வயிறு எரியுது. நாளையிலருந்து இவ கட்ட வேண்டாம், நான் கட்டணும். எரியாம என்ன பண்ணும்?"

மேடம் 'வேறு' என்ற கட்டத்துக்கு எதிரே பொறாமை என்றே எழுதிக்கொண்டாள்.

இளையவளுக்கு நாற்பது வாரமும் தள்ளுபடியானது. பழைய சாமான்காரன் சாயந்திரம் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனான். தலைவி வேலை காஜாக்காரிக்குப் போனது. ஓவர்லாக் படத்தை மூத்தவள் கிழித்து, அந்த இடத்தில் ஒன்றும் ஒட்டாமல் விட்டாள். அடுத்த புதன்கிழமை அவள் தவணையோடு கிளம்பும்போது அந்தப் பக்கம் மெஷின் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து தைக்கிறாள், கொடுத்து வைத்தவள் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

பாயில் உட்கார்ந்து சுருக்குப் பையை அவிழ்க்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. இளையவள் நின்றுகொண்டிருந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது, தோளில் நூல் ஒட்டியிருந்தது.

"உனக்கு இங்க என்னடி வேலை? உனக்குத்தான் கடனே இல்லையே," என்றாள் மூத்தவள்.

இளையவள் நேராக வசூல்காரரிடம் போய் ஒரு வாரத் தவணையை வைத்தாள். "அக்கா பேர்ல வச்சுக்குங்க சார். ஒன்பது வாரத்துக்கு நாந்தான் கட்டுவேன்."

"கட்டுங்க. ஆனா கையெழுத்து உங்க பேர்லயே போடணும். போன வாரத்துலருந்து புது விதி வந்திருக்கு, இன்னொருத்தருக்குக் கட்டினா காரணமும் எழுதணும்," என்றார் வசூல்காரர். மூத்தவளால் வந்த விதி அது.

"அக்காவுக்கு மேடம் என்ன காரணம் எழுதிக்கிட்டாங்க?"

"பொறாமை."

"அதையே எழுதுங்க."

மூத்தவள் ஓரகத்தியை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு என் மேலயா? என்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

"நான் தினம் களைச்சுப் போய் மெஷினை நிறுத்துவேன். அதுக்கப்புறமும் உங்க மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும்க்கா," என்றாள் இளையவள். "என்னால அது முடியலையேன்னு காதைப் பொத்திக்கிட்டு எத்தனை நாள் அழுதிருக்கேன், தெரியுமா?"

மூத்தவளுக்கு அந்தக் கடைசி இரண்டு உறைகள் ஞாபகத்துக்கு வந்தன. "சரி," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுப் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். இன்னும் இரண்டு பேர் தவணை கொண்டுவர வேண்டியிருந்தது. தொகை நிறையும்வரை இளையவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.